மார்மன் முன்னோடி வண்டித்தச்சர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. நான் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் வாசல் பனியை அள்ளிப்போட மண்வாரி கொடுத்தவர். ஒரு நாள் கராஜுக்குக் கூப்பிட்டு, ஒரு கோடரியை என் கையில் வைத்து, "உன் அப்பா தச்சர்னு சொன்னியே, இது என்னன்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

அலகின் ஒரு பக்கம் சப்பட்டை. மறுபக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருந்தது. விறகு பிளக்கிற கோடரி இல்லை இது. மரத்தின் பக்கத்தைச் செதுக்கி உருவம் கொண்டுவருகிற கோடரி. சப்பட்டைப் பக்கம் மரத்தை ஒட்டிப் போகவேண்டும், அதனால் வலக்கைக்காரர் கோடரியில் சப்பட்டை இடப்புறம் இருக்கும். இதில் வலப்புறம் இருந்தது. "இதை வைத்திருந்தவர் இடக்கைக்காரர் பாட்டி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கோடரி. அவரைப் பற்றிக் குடும்பத்தில் நூறு கதைகள் உண்டு, இந்த ஒன்றைத் தவிர.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை இரண்டு வருடம் இழுத்தது. அவருக்காக அந்த வண்டித்தச்சரின் வாழ்க்கையை நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்படி ஒரு குடும்பத்தை எழுத நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை; அது பாட்டியின் சொத்து.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. அந்தத் தச்சர் சேர்ந்திருந்த சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. "மார்மன்" என்று கூப்பிடுவதை இப்போது அவர்கள் விரும்புவதில்லை. ஆனால் அன்றைய ஏடுகளில் எல்லாம் அந்தச் சொல்தான் கிடக்கிறது, தேடும்போது அது வேண்டும். அதேபோல் இங்கே "முன்னோடி" என்றால் பொதுவான புகழ்ச்சிச் சொல் இல்லை. 1869 மே 10-ஆம் தேதி யூட்டாவில் ரயில்பாதை இணைவதற்கு முன் வந்து சேர்ந்தவர்களைத்தான் அப்படிக் கணக்கில் எடுப்பார்கள்.

குடும்பக் கதையை முதலில் எழுதி வையுங்கள், நம்பாதீர்கள்

பாட்டி வீட்டுக் கதை இது: கொள்ளுத்தாத்தா 1847-இல் முதல் கூட்டத்தோடு வந்தார், கூட்டத்தின் தலைவர் பிரிகாம் யங்கின் வண்டிக்குச் சக்கரம் செய்தவர் அவர்தான். இந்த ஊரில் பத்து வீட்டில் விசாரித்தால் நான்கு வீட்டிலாவது இதே மாதிரி ஒரு கதை இருக்கும். முதல் கூட்டத்தில் வந்தவர்கள் மொத்தம் 148 பேர்: ஆண்கள் 143, பெண்கள் 3, குழந்தைகள் 2. பெயர்ப்பட்டியல் முழுசாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பாட்டியின் கொள்ளுத்தாத்தா அதில் இல்லை.

இதை உடனே போய்ச் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு கதை பொய் என்று காட்டுவதற்கு முன், அதன் இடத்தில் வைக்க ஓர் உண்மை கையில் இருக்கவேண்டும். எனக்கு அது கிடைக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது.

பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக எழுதுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் பிறந்த இடம் இருக்கும். (யூட்டாவில் இந்தக் கணக்கை எடுத்தது 1851-இல், வயதைக் கழிக்கும்போது இதை மறந்தால் ஒரு வருடம் தவறும்.) அப்பா எங்கே போனார் என்று எந்த ஏட்டிலும் இல்லாமல் போகலாம். அம்மாவுக்குப் பிரசவமான ஊர் தப்பாது.

எங்கள் ஆளின் பிள்ளைகள்: மூத்தவள் இங்கிலாந்து. அடுத்தவன் இல்லினாய். அதற்கடுத்து இரண்டு பேர் அயோவா. பிறகு யூட்டா. 1858-இல் பிறந்த ஒருத்தி மட்டும் சால்ட் லேக் இல்லாமல் தெற்கே ப்ரோவோ. இந்த ஐந்து வரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாதி வரலாறு அதிலேயே இருந்தது.

இங்கிலாந்து என்றால் ஹெரிஃபோர்ட்ஷயர். 1840-இல் சபையின் ஊழியர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அந்தக் கிராமங்களுக்குப் போய் ஏராளமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதே வருடம் ஜூனில்தான் லிவர்பூலிலிருந்து குடியேறிகளின் முதல் கப்பலும் கிளம்பியது. பிறகு வந்த கப்பல்கள் பெரும்பாலும் நியூ ஆர்லியன்ஸ் போய், அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகில் மேலேறி, இல்லினாய் மாநிலத்தில் சபையார் கட்டிய நாவூ நகரத்தில் ஆட்களை இறக்கும். 1846 பிப்ரவரியில் நாவூவைக் காலிசெய்து வெளியேற ஆரம்பித்தார்கள். அயோவா என்றால் மிசௌரி ஆற்றங்கரையில் கேன்ஸ்வில். 1852-இல் அங்கே மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் யூட்டாவுக்குக் கிளம்பினார்கள். 1858 ப்ரோவோ? அமெரிக்கப் படை வருகிறது என்று சால்ட் லேக் நகரத்தையும் அதற்கு வடக்கே இருந்த ஊர்களையும் காலிசெய்து சுமார் 30,000 பேர் தெற்கே நகர்ந்த வசந்தகாலம் அது. ஆலயத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தையே மண்ணால் மூடி, உழுத வயல்மாதிரி ஆக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவே பிறந்தவள்தான் பாட்டியின் பாட்டி.

இந்த வரிசையை வைத்துக்கொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்கமுடிந்தது. 1846-இல் நாவூவை விட்டவர் 1852 வரை ஏன் வழியிலேயே நின்றார்? ஆறு வருடம். சோம்பேறியா? நோயா? காசில்லையா?

தொழிலைப் படியுங்கள், அதுவும் கையால்

இங்கேதான் பெரும்பாலான குடும்ப வரலாறுகள் தோற்றுப்போகின்றன. "அவர் ஒரு வண்டித்தச்சர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விசுவாசம், துன்பம், பயணம் என்று போய்விடுவார்கள். அவர் தினமும் பன்னிரண்டு மணி நேரம் செய்த வேலைக்கு ஒரே ஒரு வரி.

நான் அப்பாவோடு இருந்து பார்த்தவை எனக்குக் கைகொடுத்தன. நடுவில் குடம். குடத்தில் அறைந்த ஆரக்கால்கள். வெளியே வளைவாக வட்டைகள், ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டா. நம் கட்டைவண்டிக்கும் அந்த அமெரிக்க வண்டிக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. குடத்துக்கு எளிதில் பிளக்காத எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று இங்கிலாந்துத் தச்சன் மரம் பிரிப்பான்.

உங்களுக்கு அப்படித் தச்சர் வீட்டுப் பழக்கம் இல்லையென்றால் ஒரு தடவையாவது பட்டா போடுவதைப் போய்ப் பாருங்கள். யூட்டாவிலும் இல்லினாயிலும் முன்னோடிக் காலத்துக் கொல்லுப்பட்டறையை வைத்துச் செய்துகாட்டும் இடங்கள் இருக்கின்றன. நான் பார்த்தது இப்படி: ஒரு சிறு உருளையை வட்டையின் வெளிவிளிம்பில் ஓட்டிச் சுற்றளவை எண்ணிக்கொள்கிறார்கள். அதே உருளையை இரும்புப் பட்டாவின் உள்பக்கம் ஓட்டுகிறார்கள். பட்டா கொஞ்சம் சின்னதாக இருக்கவேண்டும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் தொழில். கூடினால் சக்கரம் நசுங்கிக் குழிந்துவிடும், குறைந்தால் பட்டா கழன்று ஓடும். பிறகு பட்டாவைத் தீயில் அடுக்கிச் சிவக்கக் காய்ச்சி, மூன்று பேர் குறடால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்குகிறார்கள். மரம் பற்றிக்கொள்கிறது. தண்ணீரைக் கொட்டுகிறார்கள். புகைக்குள்ளிருந்து படபடவென்று சத்தம் வருகிறது, ஒவ்வோர் ஆரக்காலும் தன் துளைக்குள் இறங்கி உட்காருகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் சக்கரம் முடிந்தது.

இதைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. ஈரமான இங்கிலாந்தில், இல்லினாயில் செய்த சக்கரம் நெப்ராஸ்கா தாண்டி வறண்ட சமவெளிக்குப் போனால் என்ன ஆகும்? மரம் சுருங்கும். பட்டா தளரும். ஆரக்கால் ஆடும். வழியில் போனவர்கள் இரவில் சக்கரத்தைக் கழற்றி ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டதும், பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே ஆப்பு அடித்ததும் இதனால்தான். ஆயிரம் மைல் தூரத்தில் ஒரு வண்டித்தச்சன் கூடவே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அதனாலேயே அவரை முன்னே அனுப்பவில்லை. ஆறு வருடத்துக்கு விடை அதுதான். 1845-46 குளிர்காலத்தில் நாவூவே ஒரு வண்டிப்பட்டறை ஆனது. ஐந்து பெரியவர்கள் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நல்ல வண்டி, மூன்று ஜோடி எருது, ஆயிரம் பவுண்டு மாவு என்று பட்டியல் போட்டார்கள். அத்தனை குடும்பங்களுக்கு வண்டி எங்கிருந்து வரும்? காய்ந்த மரம் இல்லை. பச்சை மரத்தை வெட்டிக் கொண்டுவந்து, பக்குவப்படுத்த உப்புத்தண்ணீரில் போட்டு வேகவைத்தார்கள். பிறகு ஆற்றைத் தாண்டி, கேன்ஸ்வில்லிலும் அதே கதை: வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் வண்டி வேண்டும், உடைந்ததைச் சீர்செய்யவேண்டும். மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தவர் கடைசியாகத்தான் கிளம்புவார்.

அவர் விஷயத்தில் இது என் ஊகம்தான், எழுதும்போதும் "ஊகம்" என்றே எழுதினேன். ஆனால் 1850-இல் அயோவாவில் எடுத்த கணக்கில் அவர் பெயருக்கு நேரே "வண்டி செய்பவர்" என்று இருக்கிறது, அதே பக்கத்தில் இன்னும் இரண்டு கொல்லர்கள். பாட்டியிடம் போய் இதைச் சொன்னேன். "பிரிகாம் யங் வண்டிக்குச் சக்கரம் செய்தாரா தெரியாது. ஆனால் முன்னே போன பலரும் இவர் செய்த சக்கரத்தில் போயிருக்கலாம்." பாட்டி அன்றைக்கு எனக்கு ஆப்பிள் பை கொடுத்து அனுப்பினார்.

சக்கரம் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. 1847 பயணத்தில் வில்லியம் கிளேட்டன் என்ற எழுத்தர், தினமும் எத்தனை மைல் போனோம் என்று ஆளாளுக்குச் சொல்வதைப் பொறுக்கமுடியாமல், ஒரு சக்கரத்தை அளந்தார். சுற்றளவு 14 அடி 8 அங்குலம். அப்படியென்றால் 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். மே மாதம் ஒரு நாள் முழுக்க அந்தச் சக்கரத்தோடு நடந்து எண்ணினார்: 4,070 சுற்று. பதினொன்றே கால் மைலும் இருபது சுற்றும். ஒரு நாள் எண்ணியவருக்கு அதற்குமேல் என்ன பொறுமை இருக்கும்? ஆர்சன் ப்ராட் திட்டம் போட, ஆப்பிள்டன் ஹார்மன் மரத்தில் பல்சக்கரங்கள் செதுக்கி, தானே மைல் எண்ணும் கருவியைச் செய்துகொடுத்தார். மிசௌரி ஆற்றின் மேற்குக்கரை முகாமான வின்டர் குவார்ட்டர்ஸிலிருந்து சால்ட் லேக் வரை 1,031 மைல் என்ற கணக்கு பிறகு அப்படித்தான் அச்சில் வந்தது. உங்கள் ஆள் எந்தக் கூட்டத்தில் வந்தாலும், அவர் கடந்த தூரத்தைச் சக்கரச் சுற்றாக மாற்றி எழுதிப் பாருங்கள். 1,031-ஐ 360-ஆல் பெருக்கினால் மூன்று லட்சத்து எழுபத்தோராயிரத்துச் சொச்சம். ஒரு தச்சனின் பேரப்பிள்ளைகளுக்கு மைலைவிட அது நன்றாகப் புரிகிறது.

ஒரே பெயரில் இரண்டு பேர்

என் பெரிய சறுக்கல் இது. நாவூ ஏடுகளில் எங்கள் ஆளின் பெயர் பல இடங்களில் வந்தது. நிலம் வாங்கியிருக்கிறார், ஆலய வேலைக்குப் பத்தில் ஒரு நாள் உழைப்புக் கொடுத்திருக்கிறார், ஒரு கோட்டுக்குக் கூலி வாங்கியிருக்கிறார். கோட்டுக்கா? தச்சன் கோட்டுத் தைப்பானா? அங்கேயே நின்றிருக்கவேண்டும். நான் நிற்காமல் "பலதொழில் கற்றவர்" என்று ஒரு பத்தி எழுதிப் பெருமைப்பட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதே பெயரில் ஒரு தையற்காரர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். நிலம் அவருடையது.

இங்கிலாந்து, வேல்ஸ் பெயர்களில் இந்த ஆபத்து அதிகம். பெயரை மட்டும் வைத்து ஒருவரைப் பிடிக்காதீர்கள். பெயர், தொழில், மனைவியின் பெயர், மூத்த பிள்ளையின் வயது என நான்கில் குறைந்தது மூன்று பொருந்தவேண்டும் என்று நான் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெயருக்குப் பின் "சீனியர்", "ஜூனியர்" என்று இருந்தால் அப்பா மகன் என்று முடிவுகட்டவும் கூடாது. ஊரில் அதே பெயரில் வயதில் மூத்தவர், இளையவர் என்று பிரிக்கவும் அப்படிப் போடுவார்கள். 1841 இங்கிலாந்துக் கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதியிருப்பார்கள். முப்பது என்று இருந்தால் முப்பத்துநாலாகவும் இருக்கலாம்.

ஏடுகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் தேடினால் கிடைப்பதுதான். சால்ட் லேக் நகரத்தில் ஃபேமிலிசர்ச் நூலகம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை, மதம் கேட்கமாட்டார்கள். சபையின் வரலாற்று நூலகத்தில் எந்த வருடம் எந்தக் கூட்டத்தில் யார் வந்தார்கள் என்ற தரவுத்தளம் இருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். வழிச்செலவுக்குக் கடன் கொடுத்த குடியேற்ற நிதி 1849-இல் தொடங்கியது. கடனைத் திருப்பாதவர்கள் பட்டியலை 1877-இல் அச்சிட்டே விட்டார்கள். உங்கள் ஆள் அதில் இருந்தால் வெட்கப்படாதீர்கள், நல்ல தடயம் அது.

1856 யூட்டா கணக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். மாநில அந்தஸ்து கேட்பதற்காக ஆள்கணக்கைக் கூட்டிக் காட்டியது அது. பாட்டி வீட்டுப் பைபிளின் பின்பக்கத்தில் ஒரு பையன் 1854-இல் இறந்ததாக எழுதியிருக்கிறது. 1856 கணக்கில் அவன் உயிரோடு இருக்கிறான். அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு என்னவோபோல் ஆனது. யாரோ ஒருவர் எண்ணிக்கைக்காகச் சேர்த்தாரா, இல்லை அம்மாவே விடாமல் சொன்னாளா?

தொழில் என்ற கட்டத்தில் சொல் மாறினால் கவனியுங்கள்

1850-இல் "வண்டி செய்பவர்". 1860-இல் "தச்சர்". 1870-இல் "மேசை நாற்காலி செய்பவர்". 1880-இல் "விவசாயி". நான்கு கணக்கில் நான்கு தொழில். ஒருவர் இப்படி மாறிக்கொண்டே போனால் தோற்றுப்போனவர் என்று நினைக்கத் தோன்றும்.

காரணம் மரம். யூட்டா மலைகளில் பைன் உண்டு, ஃபிர் உண்டு, ஆற்றோரம் காட்டன்வுட் உண்டு. ஆரக்காலுக்கும் அச்சுக்கும் ஆகிற வைரம்பாய்ந்த மரம் கிடையாது. பழைய வண்டி ஒன்று வந்தால் அதைப் பிரித்து அந்த ஓக்கையும் ஹிக்கரியையும் எடுத்துத்தான் இன்னொன்றைச் செப்பனிடவேண்டும். இரும்பும் அப்படித்தான், வழியில் விட்டுப்போன பட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஆணியடித்தார்கள். தெற்கே சீடர் சிட்டியில் 1851 முதல் இரும்பு உருக்கப் பார்த்தார்கள், ஏழெட்டு வருடத்தில் கைவிட்டார்கள். அதனால் சக்கரக்காரர் கட்டில், அலமாரி, சவப்பெட்டி என்று பைன் மரத்தில் இறங்கினார். பைன் அலமாரிக்கு ஓக் மாதிரியும் மஹாகனி மாதிரியும் ரேகை வரைந்து வண்ணம் பூசுவது அந்தக் காலத்து யூட்டாவில் பரவலாக இருந்த கலை. பாட்டி வீட்டில் அப்படி ஓர் அலமாரி நிற்கிறது. கதவின் உள்பக்கத்தைத் திறந்தால்தான் பைன் என்று தெரியும்.

1869-இல் ரயில் வந்தது. கிழக்கிலிருந்து தொழிற்சாலை வண்டி வந்து இறங்கியது. அறுபதைத் தொடப்போகும் தச்சர் அதோடு என்ன போட்டி போடுவார்? ஒன்றேகால் ஏக்கர் வீட்டுமனைக்குப் பின்னால் இருந்த தோட்டம் அவரை விவசாயி ஆக்கியது. சால்ட் லேக்கில் நகரத்தைப் பத்து ஏக்கர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எட்டு மனையாக வெட்டியிருந்தார்கள். கைத்தொழில்காரனும் பாதி விவசாயியாகத்தான் இருக்கமுடியும் என்று திட்டமிட்டே வைத்தது அது.

கூலி எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் பணமாக வரவில்லை. பாட்டியிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. "இரண்டு ஆரக்கால், ஒரு வட்டை: கோதுமை." "பட்டா இறுக்கியது: உருளைக்கிழங்கு." "தொட்டில்: பிறகு." அந்தத் "பிறகு" அடிக்கப்படவே இல்லை. நகரத்தின் ஆலயச் சதுக்கத்தில் இருந்த பொதுப்பணிப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கும் கூலி தசமபாக (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) அலுவலகத்திலிருந்து தானியமாகவும் காய்கறியாகவும் இறைச்சியாகவும்தான் போனது. ஒருவர் தசமபாகமாகக் கொடுத்த கோழி இன்னொருவருக்குக் கூலி. சால்ட் லேக் ஆலயம் 1853-இல் மூலைக்கல் நாட்டி 1893-இல் முடிந்தது, சரியாக நாற்பது வருடம். பல குடும்பங்களில் அப்பா ஆரம்பித்த வேலையை மகன் முடித்தான்.

அவளை இரண்டாம் அத்தியாயத்தில் அடைக்காதீர்கள்

அந்த அம்மாவைப் பற்றி நான் முதலில் எழுதியது: "அன்பான மனைவி, ஒன்பது பிள்ளைகளின் தாய்." பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவளும் தொழில் செய்தவள்தானே, அது எங்கே?" என்று கேட்டார். உண்மைதான். வூஸ்டர் பக்கத்துக் கிராமப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தோல் கையுறை தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். அவளும் அப்படித் தைத்தவள். யூட்டாவில் அதே ஊசியால் மான்தோல் கையுறையும் காற்சட்டையும் தைத்தாள். 1850 கணக்கில் தொழில் கேட்டது பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மட்டும்; பெண்களிடமும் கேட்டது 1860 முதல்தான். கேட்டபிறகும் எழுதுபவர் பெரும்பாலும் வெறுமையாக விட்டார். வெற்றுக் கட்டத்தை வேலை இல்லை என்று படிக்காதீர்கள்.

அவளைத் தேட வேறு இடங்கள் உண்டு. 1842 மார்ச்சில் நாவூவில் பெண்கள் தொடங்கிய ஒத்தாசைச் சங்கம், ஆலயம் கட்டுகிற வேலையாட்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்ற யோசனையிலிருந்து வந்ததுதான். பிறகு ஆலயத்தின் ஆணிக்கும் கண்ணாடிக்கும் வாரம் ஒரு சென்ட் என்று பெண்களிடம் வசூலித்தார்கள். வெண்ணெய், முட்டை, நூல் என்று தசமபாகத்தில் வந்த பொருள்களில் பெண்களின் கைவேலை நிறைய. கணவர்களைச் சபை இரண்டு மூன்று வருடம் ஊழியத்துக்கு அனுப்பினால், பட்டறையின் பாக்கியை வசூலித்தது யார்? எங்கள் கணக்குப் புத்தகத்தில் எட்டு பக்கம் வேறு கையெழுத்து. சாய்வாக, சின்னதாக, கூட்டல் பிழையே இல்லாமல். அவருடைய கூட்டலில் பிழை உண்டு.

இரண்டாவது மனைவி விஷயம் வந்தே தீரும். எல்லாக் குடும்பத்திலும் இல்லை, ஆனால் தேடுகிறவர் அதற்குத் தயாராக இருக்கவேண்டும். பலதார மணத்தைச் சபை 1852-இல் வெளிப்படையாக அறிவித்தது. 1862-இலும் பிறகு 1882-இலும் அமெரிக்கச் சட்டங்கள் அதைக் குற்றமாக்கின, 1890-இல் சபை கைவிடுவதாக அறிவித்தது. 1880-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற கட்டமே கிடையாது. அதனால் ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் பெயர் இருந்தால் மனைவியா, தங்கையா, வேலைக்கு வந்தவளா என்று பெயரை வைத்துச் சொல்லமுடியாது. எங்கள் ஆளுக்கு 1857-இல் ஒரு விதவையோடு திருமணம் நடந்திருக்கிறது. குடும்பத்தில் பாதிப் பேருக்கு அது வெட்கம், மறுபாதிக்குப் பெருமை. நான் தேதியையும், எத்தனை வீடு, யார் எங்கே தூங்கினார்கள், எந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்பதையும் மட்டும் எழுதினேன். தீர்ப்பு எழுதவில்லை. அந்த விதவையின் வம்சத்தில் ஒருவர் பிறகு எனக்குத் தொலைபேசி செய்து, அவளுடைய கல்லறை இருக்கும் இடத்தைச் சொன்னார்.

ஒரு எச்சரிக்கை. "யாருமில்லாத பாலைவனத்துக்கு வந்தார்கள்" என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் எல்லாப் பழைய குடும்ப வரலாறும் அப்படித்தான் ஆரம்பிக்கும். யூட்டா என்ற பெயரே யூட் மக்களிடமிருந்து வந்தது. ஷோஷோனி, கோஷூட் மக்களும் அங்கே இருந்தார்கள். வின்டர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து மறுகரைக்குத் திரும்பியதும் அது ஒமாஹா மக்களின் நிலம் என்பதால்தான். தச்சர் வெட்டிய மரம் யாருடைய காட்டில் நின்றது என்று ஒரு வரியாவது வேண்டும்.

எழுத உட்காரும்போது

பிறந்தார் வளர்ந்தார் என்று ஆரம்பிக்காதீர்கள். நான் கோடரியில் ஆரம்பித்தேன். உங்கள் வீட்டில் இருப்பது வேறு ஏதாவதாக இருக்கும். அதைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், பிடியில் கை பட்டுத் தேய்ந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் போங்கள்.

ஏட்டில் இருப்பது, குடும்பம் சொல்வது, நான் ஊகிப்பது என்று மூன்று வண்ணத்தில் கையெழுத்துப் பிரதியில் கோடு போட்டேன். அச்சில் வண்ணம் வராது, ஆனால் கடைசி நகலில் ஊகத்தின் வண்ணம் ஒரு பக்கத்தில் பாதிக்குமேல் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். இரண்டு பக்கம் கிழித்தேன். ஒன்று, 1852 பயணத்தில் அவர் நட்சத்திரங்களைப் பார்த்து என்ன நினைத்தார் என்பது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

1856-இல் கைவண்டி இழுத்து வந்தவர்களின் கதையை உங்கள் ஆள் மேல் ஒட்டாதீர்கள். காயாத மரத்தில் செய்த வண்டிகள் வறண்ட காற்றில் பிளந்ததும், உராயும் அச்சுக்குப் பன்றிக்கொழுப்பையும் சோப்பையும் தடவியதும், இரண்டு கூட்டங்கள் பனியில் மாட்டி இருநூறு பேருக்குமேல் இறந்ததும் நெஞ்சை உலுக்குகிற சம்பவங்கள். அதனாலேயே எல்லா வீட்டிலும் அது நுழைந்துவிடுகிறது. கைவண்டியில் வந்தவர்கள் பத்துக் கூட்டங்களில் சுமார் மூவாயிரம் பேர்தான். பெரும்பாலோர் மாட்டுவண்டியோடுதான் வந்தார்கள், அதுவும் பாதி தூரம் வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்து.

முடித்ததும் வீட்டில் மூத்தவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், மரியாதைக்கு "நன்றாயிருக்கிறது" என்பார்கள். படிக்கும்போதுதான் குறுக்கே பேசுவார்கள். பாட்டி பதினேழு இடத்தில் நிறுத்தினார். ஊர்ப்பெயரை நான் உச்சரித்தது தப்பு, அந்தக் குழந்தை மூன்றாவது இல்லை நான்காவது, அந்த அலமாரி அவர் செய்ததில்லை அவர் மகன் செய்தது. இந்தக் கடைசி ஒன்றுக்காக நான் ஒரு அத்தியாயத்தையே மாற்றவேண்டி வந்தது.

பிரதி எடுக்கும்போது கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு அச்சிடுங்கள், அடுத்துக் கிடைப்பதை அவர்கள் எழுதிக்கொள்ள. பாட்டியின் பிரதியில் அங்கே ஏற்கெனவே பென்சிலில் மூன்று வரி ஏறியிருக்கிறது. ஒன்று, இடக்கைப் பழக்கமுள்ள பேரன் பேத்திகளின் பெயர்கள். ஒன்று, அந்தத் தொட்டிலுக்குக் காசு தரவேண்டிய குடும்பம் இன்றைக்கும் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற குறிப்பு. மூன்றாவது, இருபத்தாறாம் பக்கத்தில் நான் விட்ட எழுத்துப்பிழை.